கழுதைக்கும் நீதி கேட்ட கலையரசி

நாட்டியக் கலைக்குப் புத்துயிர் அளித்தவர் என்னும் புகழ் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் பெயரோடு பிரிக்க முடியாதபடி ஒட்டி நிற்கிறது. அது பொய்ப் புகழன்று. ஆயினும் அது அவருடைய வாழ்வின் ஒரு பாதியே என்பதை எடுத்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. பரதம் பயிலும் மாணவியரிடம் அவரைப் பற்றிக் கேட்டால், கலாக்ஷேத்திரம் என்ற ஒரே சொல்லில் அவருடைய சரித்திரத்தை முடித்துவிடுகிறார்கள். மற்றைப் பாதி, வாய் பேசாத உயிர்களுக்காக அவர் பேசிய பேச்சிலும் செய்த தொண்டிலும் இருக்கிறது. முதுகிலே புண்ணோடு செங்கல் சுமக்கும் கழுதைக்கும் நீதி உண்டு என்று ஒரு பெரிய தேசத்தின் சட்டநூலில் எழுதப்படுவதற்கு முதற் காரணராக நின்றவர் ஒரு நாட்டியக் கலைஞர். இச்செய்தி வியப்புக்குரியது, சிந்தனைக்கும் உரியது.

அம்மையார் 1904ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் நாள் மதுரையிலே பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரியார் அரசாங்கப் பொறியியலாளர். வடமொழிப் புலமை வாய்ந்தவர். பிரம்மஞான சபையிலே ஈடுபாடு கொண்டவர். தாயார் சேஷம்மாள், இசையின் ஊராகிய திருவையாற்றைச் சேர்ந்தவர். தந்தையார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் குடும்பம் சென்னை அடையாற்றிலே, பிரம்மஞான சபையின் தோட்டத்துக்கு அருகே குடியேறிற்று. ஆலமர நிழலும் ஆற்றங்கரையும் பறவைகளும் நிறைந்த அந்தச் சூழலிலே அவர் வளர்ந்தார். சபையின் தலைவராக விளங்கிய அன்னி பெசண்ட் அம்மையாரின் அன்புக்கும் அவர் பாத்திரமானார். எவ்வுயிரும் ஒரே உயிரின் கிளை என்ற கொள்கை அந்த வீட்டிலே நூலறிவாக மட்டும் இருக்கவில்லை. உண்ணும் உணவிலும் நடக்கும் நடையிலும் கலந்திருந்தது.

1920ஆம் ஆண்டில், பதினாறு வயதிலே, ஆங்கிலேயராகிய ஜார்ஜ் அருண்டேலை அவர் மணந்தார். மணமகன் அவரைவிட 25 ஆண்டு மூத்தவர். அக்காலத்துச் சென்னையிலே அத்திருமணம் எழுப்பிய புயலை இன்று நாம் எண்ணிப் பார்ப்பதும் அரிது. உறவினர் சினந்தனர், ஊர் தூற்றியது, பத்திரிகைகள் கண்டித்தன. ஊரார் வாய்க்கு அஞ்சி ஒதுங்கும் இயல்பு தமக்கு இல்லை என்பதை அவர் அந்த இளவயதிலேயே உலகுக்குக் காட்டிவிட்டார். பின்னாளிலே இரண்டு பெரும் போர்களுக்கு அத்துணிவு அவருக்குத் தேவைப்பட்டது.

முதற் போர் நாட்டியத்தின் பொருட்டு. கணவரோடு உலகைச் சுற்றிய காலத்திலே ரஷ்ய நாட்டு நடன மேதை அன்னா பாவ்லோவாவின் நட்பு அவருக்குக் கிட்டியது. அவருடைய குழுவைச் சேர்ந்த ஒருவரிடம் மேனாட்டு நடனம் பயின்ற ருக்மிணி தேவியை, தம் சொந்த நாட்டின் கலையை நாடுமாறு பாவ்லோவா தூண்டினார். 1933இலே சென்னை மியூசிக் அகாதெமியிற் கண்ட சதிர்க் கச்சேரி அவருடைய நெஞ்சை முழுவதும் கவர்ந்தது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பின்னர்ப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் அக்கலையைப் பயின்றார். 1935 டிசம்பரில், பிரம்மஞான சபையின் வைர விழாவிலே அரங்கேறினார். நற்குடிப் பெண் மேடையிலே ஆடுவதா என்று கேட்டவர் பலர். 1936இலே அவர் தொடங்கிய கலாசாலையே பின்பு கலாக்ஷேத்திரம் என்னும் பெயரால் நிலைபெற்றது. பரம்பரையாக அக்கலையைக் காத்துவந்த குலத்தினரின் உரிமையும் பெருமையும் இம்மாற்றத்திலே பின்தள்ளப்பட்டன என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையிலே உண்மை இல்லையென்று நான் வாதிட வரவில்லை. ஊர் இகழ்ந்து ஒதுக்கிய ஒன்றிலே அழகைக் காணும் கண் அவருக்கு இருந்தது என்பதே நான் இங்குக் கொள்ளும் கருத்து. அந்தக் கண்தான் பின்பு வேறோர் இடத்திலும் திரும்பியது.

தமிழர் வாழ்விலே கழுதையைப் போல் இகழப்பட்ட உயிர் வேறில்லை. சங்க காலத்து வேந்தர் பகைவரின் அரணை இடித்து, அந்நிலத்தைக் கழுதை பூட்டி உழுதனர். தோற்றவனை இழிவுபடுத்த அதனினும் கடிய வழி அவர்களுக்குத் தோன்றவில்லை. மூதேவியின் வாகனமாகக் கழுதையை வைத்தோம். கற்பூர வாசனை அறியாதது என்று பழமொழி கட்டினோம். மந்த மாணவனை ஏசும் ஆசிரியரின் நாவுக்கும் அதன் பெயரே எளிதில் வருகிறது. பசுவுக்குக் கோயில் உண்டு. காளைக்குப் பொங்கல் உண்டு. யானைக்கு முகபடாம் உண்டு. இவை எவையும் இல்லாத கழுதை, வண்ணானின் மூட்டையையும் ஆற்று மணலையும் சூளைக் கல்லையும் சுமந்து, குப்பைமேட்டிலே வயிற்றைக் கழுவி, தெருவோரத்திலே மாண்டுபோகிறது. இகழ்ச்சி கொடுமைக்கு முன்னோடி. இழிந்தது என்று ஓர் உயிரை முதலிலே நாவினால் அடித்துவிட்டால், பின்பு கோலினால் அடிப்பது குற்றமாகத் தோன்றுவதில்லை.

1952ஆம் ஆண்டிலே அம்மையார் இந்திய ராஜ்ய சபைக்கு நியமன உறுப்பினராக அழைக்கப்பட்டார். கலைஞர் என்ற முறையிலேயே அந்த இருக்கை அவருக்கு வழங்கப்பட்டது. ஆகவே கலையைப் பற்றியே அவர் பேசுவார் என்று பலரும் எதிர்பார்த்திருக்கலாம். அவர் எடுத்துக்கொண்ட பெரும் பணியோ பிராணிகளைப் பற்றியது.

அக்காலத்திலே இந்தியாவில் நடைமுறையில் இருந்தது 1890ஆம் ஆண்டின் சட்டம். அதிலே ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தெருவிலோ, பொதுமக்கள் செல்லக்கூடிய இடத்திலோ, அவர்களின் கண்ணுக்குப் படும்படியோ செய்யப்படும் கொடுமையையே அச்சட்டம் பெரும்பாலும் குற்றமாகக் கருதியது. அதாவது, காண்பவரின் மனம் புண்படுவதையே அது முக்கியமாக நோக்கிற்று. அடிபடும் உயிரின் உடல் புண்படுவதை அவ்வளவாக நோக்கவில்லை. வேலிக்கு உள்ளே, மதிலுக்கு அப்பால், சூளையின் புகைக்கு நடுவே ஒரு கழுதையின் முதுகு உரிந்தால் சட்டத்தின் கண் அங்கே எட்டாது.

இந்தக் குறையைப் போக்க வேண்டும் என்று 1953ஆம் ஆண்டிலே அம்மையார் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய வாதம் சபையினரின் உள்ளத்தை உருக்கியது என்பர். பிரதமர் நேரு அவருடைய நோக்கத்தைப் போற்றினார். ஆயினும் அம்மசோதாவை அப்படியே ஏற்க அரசாங்கம் ஆயத்தமாக இருக்கவில்லை. அரசாங்கமே ஆராய்ந்து விரிவான மசோதா கொண்டுவரும் என்ற உறுதிமொழியின்மேல் அம்மையார் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இந்த இடத்திலே நான் பலமுறை நின்று எண்ணியதுண்டு. பிடிவாதம் தெரிந்த ஒருவர் விட்டுக்கொடுப்பது எளிதன்று. தம் பெயரால் ஒரு சட்டம் வருவதைக் காட்டிலும், எவர் பெயராலேனும் ஒரு சட்டம் நிலைபெறுவதே முக்கியம் என்று அவர் கொண்டார் போலும். குழு அமைந்தது, ஆண்டுகள் சென்றன, 1960ஆம் ஆண்டிலே பிராணி வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது.

அம்மையார் நடந்த பாதை அவருக்கு முன்னரே சிலர் நடந்த பாதைதான். 1822இலே பிரித்தானியப் பாராளுமன்றத்திலே கால்நடைகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் முதற் சட்டத்தை நிறைவேற்றியவர் ரிச்சார்ட் மார்ட்டின். அடிபட்ட கழுதையையே நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் செய்து அதன் காயங்களைக் காட்டினார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற கதை. 1861இலே கல்கத்தாவிலே பிராணி வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய கோல்ஸ்வர்தி கிராண்ட் ஓர் ஓவியர். கலைஞரின் கண் நோவையும் கூர்ந்து காணும் போலும்! ஆயினும் நமக்கு மிக அண்மையான முன்னோடி ஆராய்ச்சி மணிதான். திருவாரூரிலே கன்றை இழந்த பசு அசைத்த மணியை நாம் அறிவோம். அநுராதபுரத்திலே எல்லாளன் கட்டிய மணியைப் பற்றி மகாவம்சமும் அதே கதையைக் கூறுகிறது. இரு மொழியினரும் ஒரே கதையைப் போற்றிக் காத்தார்கள் என்றால், பேசாத உயிரும் வழக்குரைக்கலாம் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதன்று.

1960ஆம் ஆண்டுச் சட்டம் என்ன செய்தது? அளவுக்கு மீறிப் பொதி ஏற்றுவதும், அடிப்பதும், உதைப்பதும், நோயுற்ற அல்லது புண்பட்ட பிராணியை வேலையிற் பூட்டுவதும் எங்கே நிகழ்ந்தாலும் குற்றமே என்றது. சட்டத்தைக் கண்காணிக்க 1962இலே இந்திய விலங்கு நல வாரியம் அமைக்கப்பட்டது. அரசாங்கத்தால் அமைக்கப்பட்ட அத்தகைய வாரியங்களிலே உலகில் அதுவே முதலாவது என்று கூறுவர். சென்னையிலே அமைந்த அதன் முதல் தலைவர் அம்மையாரே. அவர் தலைவராக இருந்த காலத்திலே, 1965இல், பார வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் பிராணிகளுக்கான விதிகளை மத்திய அரசாங்கம் வெளியிட்டது. ஒரு கழுதையின் முதுகிலே 50 கிலோவுக்கு மேல் ஏற்றலாகாது. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது. வெப்பம் 37 பாகைக்கு மேற்படும் இடங்களிலே நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலையிற் பூட்டலாகாது என்பன அவ்விதிகளுட் சில.

50 கிலோ என்பது ஏட்டிலே ஓர் எண். சூளையிலே அதன் பொருள் வேறு. ஒரு பச்சைக்கல்லின் நிறை 3 கிலோ எனக் கொண்டால், ஒரு நடைக்கு 16 கல். பதினேழாவது கல்லை வைத்தால் குற்றம். கழுதைக்காரனுக்குக் கிடைக்கும் கூலியோ ஆயிரங்கல்லுக்கு இவ்வளவு என்று பேசப்படுவது. 16 கல் ஏற்றினால் ஆயிரங்கல்லுக்கு 63 நடை. 32 கல் ஏற்றினால் 32 நடையே போதும். இந்தக் கணக்குத்தான் கழுதையின் முதுகை ஒடிக்கிறது. கழுதைக்காரன் கொடியவனாக இருக்கவேண்டியதில்லை. கடன்பட்டவனாக இருந்தாலே போதும். சூளையை நடத்துபவர் கழுதையைத் தொடுவதில்லை. கோல் பிடிப்பவன் ஏழை. சட்டம் பாயும்போது அவன்மேலேயே பாய்கிறது.

அபராதமோ முதற் குற்றத்துக்கு 10 ரூபாவிலிருந்து 50 ரூபா வரை என்று விதிக்கப்பட்டது. ஏழைக்கு அது அன்று பெருந்தொகை. காலம் செல்லச் செல்ல எவருக்கும் அது பொருட்டாகவில்லை. ஆகவே சட்டம் மட்டும் கழுதையைக் காக்காது என்பது வெளிப்படை. கூலி முறையும் மாற வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் நிழற் கொட்டகையும் சூளைக்காரரின் பொறுப்பாக வேண்டும். முதுகுப் புண்ணுக்கு மருந்து கிடைக்க வேண்டும். முதுகிலே பதியாத மெத்தைச் சேணத்தைக் கழுதைக்காரனுக்குப் பழக்க வேண்டும். தளர்ந்த கழுதை அவனுக்கும் நட்டமே. பிராணியின் நலமும் அதை வைத்துப் பிழைப்பவனின் நலமும் ஒரே கயிற்றின் இரு முனைகள்.

மாத்தளையிலே வாழும் எனக்கு இவையெல்லாம் கடலுக்கு அப்பாலுள்ள செய்திகளாகத் தோன்றவில்லை. எங்கள் மாவட்டத்துச் செல்வம் முழுவதும் ஒரு காலத்திலே மாட்டின் முதுகிலும் கழுத்திலும் ஏறிவந்தது. கண்டி அரசர் காலத்திலே உப்பும் கருவாடும் பாக்கும் தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வரிசைகளிலே மலைவழிகளைக் கடந்தன. பின்பு கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தென்னிந்தியாவிலிருந்து வந்த எம் முன்னோர் மன்னார்க் கரையிறங்கி, தம்புள்ளை வழியாகக் காடு கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தனர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். அவர்கள் பறித்த கோப்பியை மாட்டு வண்டிகள் கொழும்புக்கு இழுத்தன. 1880இலே மாத்தளைக்குப் புகையிரதம் வந்த பின்னரே அந்தக் காளைகளின் கழுத்து ஓரளவு ஆறியது. மனிதனையும் மாட்டையும் ஒரே கணக்கேட்டிலே சுமை தூக்கும் பொருளாக எழுதிய காலம் அது. முத்துமாரியம்மன் கோயிற் தேர் வீதியிலே செல்லும்போது, அந்த மனிதரை நினைப்பவர் சிலரேனும் உண்டு. அந்த மாடுகளை நினைப்பவர் இல்லை.

நகருக்கு வடக்கே அளுவிகாரை இருக்கிறது. புத்தர் பெருமானின் போதனைகள் முதன்முதலாக ஏட்டிலே எழுதப்பட்டது அந்தக் குகைகளிலே, கி.மு. முதலாம் நூற்றாண்டில், என்பது மரபு. எல்லா உயிர்க்கும் இரங்கு என்னும் அறம் ஓலையிலே ஏறிய இடத்துக்கு அருகே நாங்கள் வாழ்கிறோம். நாட்டின் சட்டமோ அந்த அறத்துக்கு வெகு பின்னே நடந்து வந்திருக்கிறது. 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் விலங்குகளுக்குக் கொடுமை செய்வோருக்கு விதித்த அபராதத்தின் உச்சம் 100 ரூபா. அன்று அது ஒரு குடும்பத்தை அசைக்கும் தொகை. நூறாண்டு கழிந்தபின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் போதாத தொகை. 2006இலே சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்ட வரைவொன்றை ஆக்கிற்று. 2010இலே அது பாராளுமன்றத்துக்கும் வந்தது. வரைவு சட்டமாவதற்கு இடையே எத்தனை நெடுந்தூரம் உண்டு என்பதை அம்மையாரின் வரலாறே நமக்குக் காட்டுகிறது. மன்னாரிலே, வேலையற்றுத் தெருவில் விடப்பட்ட கழுதைகளுக்காக ஒரு மருத்துவ நிலையம் தோன்றியது, சட்டத்துக்குக் காத்திராமல் அன்பு முந்திக்கொண்டதற்கு எடுத்துக்காட்டு.

அம்மையாரின் பிற்கால வாழ்வு கலைக்கும் கருணைக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. ஒருபுறம் குற்றாலக் குறவஞ்சியிலே தொடங்கி இராமாயணத் தொடர்வரை நாட்டிய நாடகங்களை அமைத்தார். மறுபுறம் வாரியத்தின் கோப்புகளைச் சுமந்தார். உலகச் சைவ உணவாளர் சங்கத்திலும் நெடுங்காலம் பணியாற்றினார். இரண்டும் வேறு வேறு தொழில் என்று அவர் கருதவில்லை. அழகை உணரும் உள்ளம் துன்பத்தையும் உணரவேண்டும். உணராவிடில் அக்கலை வெறும் அங்க அசைவே என்பது அவருடைய கொள்கை. இராமகாதையிலே அரசகுமாரன் ஒரு கழுகுக்கு ஈமக்கடன் செய்வதை மேடையிலே கண்டு கண்ணீர் விடுகிறோம். வெளியே வந்ததும் வண்டிமாட்டின் வாலை முறுக்குகிறோம். இந்தப் பிளவை மூடவே அவர் முயன்றார் என்று எண்ணுகிறேன்.

1977இலே இந்தியக் குடியரசுத் தலைவர் பதவிக்கு அவரை முன்மொழியப் பிரதமர் மொரார்ஜி தேசாய் விரும்பினார். அம்மையார் மறுத்துவிட்டார். தலைவராக அவர் நீடித்தது விலங்கு நல வாரியத்திலேதான். 1986 பெப்ரவரி 24ஆம் நாள், தம் 82ஆம் பிறந்தநாளை நெருங்கிய வேளையிலே, சென்னையிலே உயிர் நீத்தார்.

அவர் மறைந்தபின் கழுதையின் கதை வேறொரு திருப்பம் பெற்றது. 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பிலே இந்தியாவில் ஏறத்தாழ 3,20,000 கழுதைகள் இருந்தன. 2019இலே அத்தொகை 1,20,000 ஆயிற்று. லொறியும் இயந்திரமும் அதன் சுமையை வாங்கிக்கொண்டன. சுமை போனவுடன் உயிரும் மதிப்பிழந்தது. தோலைக் காய்ச்சிச் சீன மருந்து செய்யும் வணிகம் ஆபிரிக்காவிலே கழுதைகளை அழித்ததால், 2024இலே ஆபிரிக்க ஒன்றியம் அவற்றைத் தோலுக்காகக் கொல்வதைத் தடுக்க முடிவு செய்தது. உழைக்கும்போது அடித்தோம், உழைப்பு வேண்டாதபோது கைவிட்டோம். எஞ்சிய சூளைகளிலே எஞ்சிய கழுதைகள் நிற்கின்றன.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் கூற விரும்புவது ஒன்றுதான். ஒரு கட்டடத்தைக் காணும்போது, அதைக் கட்டிய கொத்தனை நினைக்கக் கற்றிருக்கிறோம். அது நம் காலத்தின் நல்ல பேறு. அந்தச் செங்கல் சூளைக்கு வந்த வழியையும் நினைக்கக் கற்போமானால், பதினாறாவது கல்லோடு கையை நிறுத்திய ஒரு சட்டத்தின் அருமை விளங்கும். அதை எழுதச் செய்த கைகள் அபிநயம் பிடித்த கைகள் என்பதும் அப்போது வியப்பாகத் தோன்றாது.